முதுசமா, தேடியதேட்டமா?

சென்ற மாரியில் ஒருநாட் காலை வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். 70 வயதைக் கடந்தவர். என் தந்தையார் காலந்தொட்டு எங்கள் குடும்பத்துக்கு அறிமுகமானவர். மடித்துக் கசங்கிய நீண்ட உறையொன்றை மேசைமீது வைத்தார். "தம்பி, இதிலை என்ன எழுதிக் கிடக்குதெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" என்றார்.

வாசித்தேன். அது ஒரு பல்கலைக் கழகத்தின் சார்பில் எழுதப்பட்ட கோரிக்கைக் கடிதம். அவருடைய தங்கையின் மகன் அங்கே முகாமைத்துவமும் தொழில்நுட்பமும் கற்பித்த விரிவுரையாளர். கலாநிதிப் பட்டத்துக்காகச் சம்பளத்துடன் கூடிய கற்கை விடுமுறை பெற்றுக் கடல் கடந்து சென்றார். பட்டமும் பெற்றார். ஆனால் திரும்பி வரவில்லை. அவர் புறப்படும்போது எழுதிக் கொடுத்த முறியிலே பிணையாளராக நின்று கையொப்பமிட்டவர் இந்தக் கமக்காரர். மருமகன் செலுத்த வேண்டிய தொகையை வட்டியுடன் சேர்த்து 14 நாட்களுள் மாமன் செலுத்த வேண்டும் என்பதே கடிதத்தின் சாரம். அத்தொகை அவருடைய தோட்டக் காணியின் பெரும் பகுதியை விழுங்கக் கூடியது.

"நான் ஒரு சதமும் வாங்கேல்லையே, தம்பி. பெடியன் படிக்கப் போறான் எண்டுதானே கையெழுத்துப் போட்டனான்" என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அவன் அங்கை சுகமா இருக்கிறானாமோ?" என்றும் கேட்டார்.

இந்த வழக்கின் முடிவைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. இது ஒரு வீட்டுத் துயரம் மட்டுமாயின் அதை என் கோப்புக்குள்ளேயே வைத்திருப்பேன். ஆயின் இதே போன்ற கடிதங்கள் குடாநாட்டிலே பல வீட்டு வாசல்களுக்கு வருகின்றன. பட்டம் பெற்றவர் கடலுக்கு அப்பால். கையொப்பம் இட்டவர் கடிதத்துடன் இங்கே. எனவே இதைப் பொது விடயமாக எடுத்துப் பேசுதல் நம் கடமையாகின்றது.

இத்தகைய செய்தி காதில் விழுந்ததும் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து விடுகின்றனர். "ஊர்ப் பணத்திலே படித்துவிட்டு ஓடிப்போன நன்றி கெட்டவன்" என்பது ஒரு கட்சி. "திறமை உள்ளவன் திறமைக்கு மதிப்புள்ள இடத்துக்குப் போவான், தடுக்க நீர் யார்?" என்பது மறு கட்சி. இரண்டும் பாதி உண்மையே. பாதி உண்மையை வைத்துக்கொண்டு வழக்காடலாம். நீதி வழங்க முடியாது.

இதனை நம் மண்ணின் சட்டத்தை வைத்தே ஆராய்வோம். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டிலே எழுத்திற் பதிந்த தேசவழமை, ஆதனத்தை வகை வகையாகப் பிரித்து வைத்துள்ளது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். கணவனும் மனைவியும் கூடிவாழும் காலத்திலே தேடியது தேடியதேட்டம். இன்று நம் முன்னுள்ள கேள்வி இதுதான்: ஒரு விரிவுரையாளரின் கல்வி ஊர் அவருக்கு விட்டுச் சென்ற முதுசமா? அன்றி அவர் தம் உழைப்பால் ஈட்டிய தேடியதேட்டமா?

முதலில் ஊரின் பங்கைக் கணக்கிடுவோம். இலங்கையிலே 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைபெற்று வருகின்றது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக் கழகப் பட்டம்வரை மாணவன் கட்டணம் கட்டுவதில்லை. அவனுக்காகக் கட்டுவோர் மக்கள். சீனியிலும் மண்ணெண்ணெயிலும் துணிமணியிலும் வரி செலுத்தும் கமக்காரனும் கூலியாளும் அந்த மக்களுள் அடங்குவர். பல்கலைக் கழகம் நிற்கும் நிலமும் வானத்திலிருந்து வந்ததன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேதான் 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதலாவது தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக் கழகமாயிற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதலாவது துணைவேந்தரானார்.

அந்த வளாகம் பிறந்த காலத்தையும் மறத்தலாகாது. 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் வந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குள் நுழையச் சிங்கள மொழியிற் பரீட்சை எழுதியவனுக்கு 227 புள்ளி போதுமாயிருந்த ஆண்டில், தமிழ் மொழியில் எழுதியவன் 250 புள்ளி பெற வேண்டியிருந்தது. வாசல் அடைபட்ட தலைமுறையின் பெற்றோர் தம் நகையை விற்றும் காணியை ஈடு வைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்தனர். வடக்குக்குச் சொந்தமாக ஒரு பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே மாணவரை ஏற்றது 2014ஆம் ஆண்டிலேதான். தொழில்நுட்பப் பீடம் அதற்குப் பின் வந்தது. ஆகவே அங்கே நின்று கற்பிக்கும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு நீண்ட காத்திருப்பும் பலருடைய தியாகமும் நிற்கின்றன. இதுவே ஊரின் பங்கு.

இனி விரிவுரையாளரின் பங்கைப் பார்ப்போம். பல்கலைக் கழக உத்தியோகம் என்றால் வாரத்துக்குச் சில மணிநேரம் பேசிவிட்டு வீட்டிலே பத்திரிகை படிப்பது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்கள் ஒரு நாளாவது அவனோடு கூட நடந்து பார்க்கட்டும்.

முதற் பிரிவிலே சித்தி பெற்றவன் முதலில் தற்காலிக விரிவுரையாளனாகின்றான். பின்பு தகுதிகாண் விரிவுரையாளன். குறித்த காலத்துள் உயர்பட்டம் பெறாவிடின் பதவி உறுதியாகாது. யாழ்ப்பாணத்திலே குடியிருந்து அறிவியல் நகரிலே கற்பிப்பவன் விடியுமுன் எழுந்து பஸ்ஸிலோ புகையிரதத்திலோ 60 கிலோமீற்றருக்கு மேல் செல்கின்றான். உயர்தரம்வரை தமிழிலே படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலே விரிவுரை. ஆகவே ஒரு பாடத்தை அவன் இரண்டு முறை கற்பிக்கின்றான்: மேடையிலே ஆங்கிலத்தில் ஒரு முறை, வாசற்படியிலே தமிழில் மறு முறை. அதன்பின் பயிற்சிகள், செய்முறைகள், விடைத்தாட் கட்டுகள், குழுக் கூட்டங்கள். மாணவரைத் தொழிற் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது? 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோயிற்று. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரிலே அழிந்தது. எனவே குடாநாட்டு மாணவன் இயந்திரம் பார்க்கக் கொழும்புக்குப் போகின்றான். முகாமைத்துவம் பயிலும் மாணவனோ அமெரிக்கக் கம்பனிகளின் கதைகளைப் படித்து, யாழ்ப்பாணத்து வெங்காயக் கடையை விளங்கிக்கொள்ள முயல்கின்றான்.

ஊதியத்தின் கதை வேறு. 2022ஆம் ஆண்டின் சில வாரங்களுள் அமெரிக்க டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிற்று. சம்பளம் ஏறவில்லை. 2023 ஜனவரியில் 6 வீதம் முதல் 36 வீதம் வரையான வருமான வரி வந்தது. 2025 ஏப்ரலில் மாதம் 150,000 ரூபாவரை வரிவிலக்கு அளித்துச் சுமையை ஓரளவு இறக்கினர். ஆயின் இடையிலே புறப்பட்டவர் புறப்பட்டவரே. அதற்கு முன்னரும், 2012இல், பல்கலைக் கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஏறக்குறைய மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்து, தேசிய உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கேட்டது. அந்த எல்லையை இன்றுவரை எந்த அரசாங்கமும் தொட்டதில்லை.

கமக்காரர் என்னிடம் வந்த அன்றிரவே அவருடைய மருமகனுக்கு எழுதினேன். விடியுமுன் பதில் வந்தது. மாமனுக்குக் கடிதம் போன செய்தி அவருக்குத் தெரியாது. அவர் தம்மை நியாயப்படுத்த முயலவில்லை. "கட்ட வேண்டியதைக் கட்டுவேன், ஒரே முறையில் முடியாது, தவணை தாருங்கள்" என்றார். பின்பு அவர் எழுதியது என்னைச் சிந்திக்கச் செய்தது. "இங்கிருந்தபடியே வாரம் ஒருநாள் என் பழைய மாணவர்க்குக் கற்பி என்றால் ஊதியமின்றிக் கற்பிப்பேன். விடுமுறை தோறும் வந்து ஆய்வு மாணவரை வழிநடத்து என்றால் வருவேன். ஆனால் அப்படி ஒரு வழி நான் எழுதிய முறியிலே இல்லை. ஒன்றில் முழுமையாக வா, அன்றேல் காசைக் கட்டு என்பதே அதன் பேச்சு."

இனி, போனவர் வந்தவர் வரலாற்றையும் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும். ஏனெனில் இது இன்று தோன்றிய நோயன்று. கேம்பிறிட்ஜிலே டிராக் என்ற பேரறிஞரிடம் பயின்று, இலங்கைப் பல்கலைக் கழகத்திலே கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. ஜே. எலியேசர், 1959இல் மலாயாப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். பின்னர் அவுஸ்திரேலியாவிலே பேராசிரியரானார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் கலவரம், 1959இல் அவருடைய பயணம். காரணம் எதுவாயினும், ஒரு நாடு தன் அறிஞரை வைத்திருக்கத் தவறிய காலம் அது.

அதே கேம்பிறிட்ஜிலிருந்து திரும்பி வந்தவரும் உண்டு. வடமராட்சியிலே கம்பர்மலையைச் சேர்ந்த அழகையா துரைராசா, மண்பொறியியலிலே அங்கே ஆராய்ச்சி செய்தார். களிமண் அழுத்தத்துக்கும் நழுவலுக்கும் உட்படும்போது அதில் உராய்வாற் செலவாகும் சக்தியை எவ்வாறு கணக்கிடுவது என்பது அவருடைய ஆய்வு. ரொஸ்கோ, ஸ்கொபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, உலகின் மண்பொறியியல் மாணவர் இன்றும் படிக்கும் கொள்கை ஒன்றுக்கு அடிப்படையாய் அமைந்தது. அக்கொள்கை கேம்பிறிட்ஜின் கேம் ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கம்பர்மலைப் பிள்ளையின் உழைப்பும் அதனுள்ளே இருக்கின்றது.

அவர் விரும்பியிருப்பின் மேனாட்டிலே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து இலங்கையிலே கற்பித்தார். பேராதனைப் பொறியியற் பீடத்தின் பீடாதிபதியாய் இருந்தார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். எத்தகைய காலம் அது! போர்; 1990க்குப் பின் மின்சாரமில்லை; எரிபொருளுக்கும் சீமெந்துக்கும் மின்கலத்துக்கும் தடை. மாணவர் குப்பி விளக்கிலே படித்தனர். துணைவேந்தர் சைக்கிளிலே பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். 1994இல் நோயுற்றுக் காலமாகும்வரை அப்பணியை விட்டு அகலவில்லை. அவரைத் தடுத்து நிறுத்தியது எந்த முறி? எந்தப் பிணையாளனின் கையொப்பம்?

ஆயினும் அவருடைய பெயரைச் சொல்லி மற்றவரை ஏசுதல் நியாயமாகாது. அதே பல்கலைக் கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகமவும் இங்கிலாந்திலே உயர்கல்வி பெற்றுத் திரும்பியவரே. 1989 செப்டெம்பர் 21ஆம் நாள், பல்கலைக் கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. திரும்பி வந்தவருக்கு இந்த மண் எப்போதும் மாலை சூட்டவில்லை என்பதையும் நாம் நெஞ்சறிய ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்திலே போனவரைக் குற்றஞ்சாட்ட நமக்கு வாயில்லை. ஆனால் துவக்குச் சத்தம் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் அவர்கள் போகின்றார்களே, அதற்கு யார் பொறுப்பு?

முறி அவர்களைத் தடுக்கவில்லை என்பது வெளிப்படை. அப்படியாயின் அந்த முறி செய்வதென்ன? சட்டத்தரணி என்ற முறையிலே இதனைக் கமக்காரப் பெருமக்களுக்கு விளக்கிக் கூறுதல் என் கடன்.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டம், பிணை நிற்பவனுக்குச் சில பாதுகாப்புகளை அளித்துள்ளது. "முதலில் கடன்பட்டவனிடம் அறவிடு, அங்கே கிடையாதபோதே என்னிடம் வா" என்று சொல்லும் உரிமை ஒன்று. பிணையாளர் இருவர் மூவராயின், "என் பங்குக்கு மேல் என்னிடம் கேட்காதே" என்று சொல்லும் உரிமை மற்றொன்று. ஆயின் அச்சிட்டு வரும் முறிகளிலே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அவ்வுரிமைகள் அனைத்தையும் பிணையாளர் தாமாகவே கைவிடுகின்றார் என்பது அந்த வரியின் பொருள். அந்த வரி ஆங்கிலத்திலே இருக்கும். கல்யாண வீட்டுப் பேச்சுக்கும் தேநீருக்கும் இடையிலே, "இதிலே ஒரு கையெழுத்து, மாமா" என்று நீட்டப்படும். மாமா போட்டுவிடுவார். அந்த ஒரு வரியினாலே, கடன்பட்டவனைத் தேடாமலே பிணையாளனின் படலையைத் தட்டும் உரிமை முறியை வைத்திருப்பவருக்கு வந்துவிடுகின்றது. கட்டிய பின் அந்தப் பணத்தை மருமகனிடம் கேட்டு வழக்காடும் உரிமை மாமனுக்கு உண்டுதான். ஆனால் மருமகன் இருப்பது எந்த நாட்டிலே? அங்கே வழக்காட மாமன் எந்தக் காணியை விற்பது?

பல்கலைக் கழகத்தின் பணம் பொதுப் பணம். அது திரும்ப வரத்தான் வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. முறியே வேண்டாம் என்றும் வாதிக்கவில்லை. ஆனால் இன்றுள்ள முறை, போகக் கூடியவனைப் போக விட்டு, போக முடியாதவனைப் பிடித்துக்கொள்கின்றது. அது பணத்தை மீட்கலாம், மனிதனை மீட்பதில்லை. மீட்கும் பணமும் கற்றவனின் பையிலிருந்து வருவதில்லை. வெங்காயம் நட்டவனின் பையிலிருந்து வருகின்றது. இது சட்டமாக இருக்கலாம். இதை நீதியென்று என்னாற் சொல்ல முடியாது.

மனிதனை மீட்பது எது? அவனுடைய கல்விக்கு இங்கே வேலை இருக்க வேண்டும். அந்த வேலை இல்லையா? எங்கும் கிடக்கின்றது!

திருநெல்வேலிச் சந்தைக்கும் பல்கலைக் கழக வாசலுக்கும் நடந்து போகும் தூரமே. சந்தைகளிலே கமக்காரன் கொண்டுவரும் 100 கிலோவில் 10 கிலோவைக் "கழிவு" என்று தள்ளிவிட்டுக் கணக்கெழுதும் வழக்கத்தைப் பற்றிக் குடாநாட்டுக் கமக்காரர் ஆண்டாண்டாக முறையிட்டு வந்துள்ளனர். பத்தில் ஒரு பங்கு! அது உண்மையிலே கழிவா, தரகரின் இலாபமா? எத்தனை வீதம் அழுகுகின்றது, எத்தனை வீதம் மீண்டும் விலைப்படுகின்றது? முகாமைத்துவத்துறை மாணவர் பத்துப் பேர், ஒரு போகம் முழுவதும் தராசின் பக்கத்திலே நின்று எழுதினால் விடை கிடைத்துவிடும். அந்த விடையை வைத்துக்கொண்டு எந்தச் சபையிலும் எந்த நீதிமன்றிலும் என்னைப் போன்றோர் வாதாடலாம். சான்று இல்லாத வழக்கு எவ்வளவு நியாயமானதாயினும் தோற்றுப்போகும்.

கூட்டுறவு நமக்குப் புதியதன்று. 1936ஆம் ஆண்டிலே மூளாயிலே மக்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு வைத்தியசாலை கண்டனர். அது நின்றது எவ்வாறு, பின்வந்த சங்கங்கள் பல சாய்ந்தது எவ்வாறு என்பதை நம் மாணவருக்குப் பாடமாக்கியவர் எத்தனை பேர்? அமெரிக்கக் கம்பனியின் கதையைவிட அது நமக்குப் பயன்படாதா?

தொழில்நுட்பத்துக்கு வருவோம். குடாநாட்டுக்கு ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தங்குவதே நம் கிணற்று நீர். தோட்டத்துக்கு இடும் உரமும் அதே வழியாலேதான் இறங்குகின்றது. குடிநீரிலே நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றிலே அந்த அளவு கடந்திருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அவ்வாய்வுகளைச் செய்தவருள் நம் பல்கலைக் கழகத்தாரும் உளர், அவர்களை வாழ்த்துகின்றேன். ஆனால் அவை ஆங்கிலத்திலே, வெளிநாட்டுச் சஞ்சிகைகளிலே கிடக்கின்றன. பதவி உயர்வுக்கு அங்கேதான் மதிப்பு. அந்தக் கிணற்றிலே வாளி கட்டியவன் அதைப் படித்ததில்லை. 2014இலும் 2015இலும் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி எழுந்தபோது, ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகளின் நடுவே மக்கள் தேடியது, தமக்கு விளங்கும் மொழியிலே உண்மையைச் சொல்லும் ஒருவரையே.

1950களிலே பொறியியலாளர் ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி வடமராட்சிக் கடனீரேரி வழியே குடாநாட்டுக்கு நீர் கொணரும் திட்டம் வகுத்தார். அது முழுமையாக நிறைவேறியதில்லை. எழுபது ஆண்டுகட்குப் பின்னரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கின்றோம். இத்தனை வேலை வீட்டிலே கிடக்க, "என் கல்விக்கு அங்கே இடமில்லை" என்று பிள்ளை சொல்வானாயின், குற்றம் பிள்ளையிடம் மட்டும் இல்லை.

எனவே நான் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவது, பிணைச் சுமை கற்றவன்மீதே இருக்க வேண்டும். கற்கை விடுமுறைக் காலத்துச் சம்பளத்திலே ஒரு பகுதியை வைப்பிலிடலாம், காப்புறுதி செய்யலாம். மாமனையும் அயலவனையும் ஈடு வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒழியும்வரை, பிணையாளர் கையொப்பமிடும் பத்திரம் தமிழிலும் தரப்பட வேண்டும். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறுகின்றது. அந்த ஏட்டுரிமை இந்தப் பத்திரத்துக்கு மட்டும் இல்லையா? விரிவுரையாளர் திரும்பத் தவறிய உடனேயே பிணையாளருக்கு அறிவித்தல் செய்ய வேண்டும். வட்டி வளர்ந்து மரமான பின்பு அன்று.

இரண்டாவது, பணத்துக்குப் பதில் பணி என்ற வழியைத் திறக்க வேண்டும். வெளியே இருப்பவர் குறித்த மணிநேரம் கற்பித்தால், ஆய்வு மாணவரை வழிநடத்தினால், அதற்கு ஏற்பக் கடன் குறையட்டும். இன்றைய வசதிகளால் இது இயலும். ஒரு கணக்கிலே காசு வருவதைவிட ஒரு வகுப்பிலே ஆசிரியர் வருவது மேல்.

மூன்றாவது, இங்கே நிற்பவரை நிற்கச் செய்யும் ஊதியமும் ஆய்வுகூடமும் கொடுக்க வேண்டும். இது கொழும்பு அரசின் கடமை. கேட்டு வாங்குவது நம் பிரதிநிதிகளின் கடமை. தேர்தல் மேடையிலே பல்கலைக் கழகத்தை நம் கண் என்று புகழ்பவர், பாராளுமன்றத்தின் வரவு செலவு விவாதத்திலே அந்தக் கண்ணுக்கு மருந்து கேட்டாரா என்று வாக்காளர் விசாரிக்க வேண்டும்.

நான்காவது விரிவுரையாளருக்கே. ஐயன்மீர்! ஆங்கிலத்திலே ஒரு கட்டுரை எழுதினால், அதன் பயனைத் தமிழிலே இரண்டு பக்கம் எழுதி, சம்பந்தப்பட்ட ஊரின் கமக்காரர் சம்மேளனத்துக்குக் கொடுங்கள். ஆண்டிலே சில நாட்களையாவது தோட்ட வரம்பிலே செலவிடுங்கள். பல்கலைக் கழகமும் அதற்குப் பதவியுயர்விலே புள்ளி கொடுக்கட்டும். உங்களை அறிந்த ஊர் உங்களுக்காகப் பேசும். அறியாத ஊர், நீங்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது "சம்பளம் போதாதாம்" என்று சிரிக்கும்.

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வருகின்றேன். ஒரு விரிவுரையாளரின் கல்வி முதுசமா? முழுமையாக அன்று. அவன் கண் விழித்த இரவுகளை ஊர் விழித்ததில்லை. அப்படியாயின் தேடியதேட்டமா? ஆம் என்றே கொள்வோம். ஆனால் தேசவழமையைச் சரியாகப் படித்தவர் ஒன்றை அறிவர். தேடியதேட்டம் தேடியவனுக்கு மட்டும் உரியதன்று. ஒருவர் மறைந்தால் அதிலே பாதி மற்றவரைச் சேர்கின்றது. கூடிவாழ்ந்த காலத்திலே தேடப்பட்டது என்பதே அப்பங்குக்குக் காரணம். அவன் பரீட்சைக்குப் படித்த இரவிலே விளக்குக்கு எண்ணெய் வார்த்த ஊருக்கும் அவன் கல்வியிலே பங்குண்டு.

பங்கு கேட்பவருக்குக் கடமையும் உண்டு. வீட்டை வீடாக வைத்திருப்பது ஊரின் கடமை. அந்த வீட்டை மறவாதிருப்பது கற்றவனின் கடமை. ஒரு கடமையை மட்டும் முறியில் எழுதி, மற்றதைக் காற்றிலே விட்டால் முறி கிழியும்; குடும்பமும் கிழியும்.

அந்தக் கமக்காரரின் மருமகன் முதற் தவணைப் பணத்தை அனுப்பியுள்ளார். தவணையை ஏற்குமாறு எழுதியிருக்கின்றேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் இப்போது வெங்காயம் நட்டிருக்கின்றார். அறுவடையின்போது சந்தைக்குக் கொண்டு போவார். 100 கிலோவிலே 10 கிலோவைக் கழிவென்று தள்ளுவார்களா என்பதையும், தள்ளினால் அதைக் கணக்கெழுத ஒரு மாணவனாவது பக்கத்திலே நிற்பானா என்பதையும் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். பல்கலைக் கழகம் அங்கிருந்து நடந்து போகும் தூரத்திலேதான் இருக்கின்றது.